லாரியின் பின்னால் மோதியும் ஏர்பேக் விரியவில்லை: குறை காரிலா, மோதலிலா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். திருமங்கலத்துக்குத் தெற்கே, விருதுநகர் போகும் நான்குவழிச் சாலையில், இரவில் விளக்கில்லாமல் ஓரத்தில் நின்ற லாரியின் பின்னால் உங்கள் மைத்துனரின் கார் மோதியிருக்கிறது. வாங்கி மூன்று ஆண்டு ஆகாத கார். அவருக்கு விலா எலும்பு முறிவு, நெற்றியில் தையல். பக்கத்து இருக்கையில் இருந்த அவருடைய மனைவிக்குக் கை முறிவு. இருவரும் சீட் பெல்ட் போட்டிருந்தார்கள். முன்பக்கத்து ஏர்பேக் இரண்டும் விரியவில்லை. ‘மோதல் சென்சாரில் படவில்லை, அதனால் விரியவில்லை, வண்டியில் குறை எதுவும் இல்லை’ என்று ஷோரூமில் சொல்லிவிட்டார்கள். இது உண்மையா, நுகர்வோர் வழக்குப் போட்டால் நிற்குமா என்பது உங்கள் கேள்வி. ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: காரைப் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கத் திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்று. அவசரம் அந்த வரியில்தான் இருக்கிறது.

அந்தக் கையெழுத்தை இப்போது போடாதீர்கள். மதுரையில் வாகனக் காப்பீட்டு சர்வேயராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். அதற்கு முன் ஒர்க்‌ஷாப்பில் பாடி வேலைப் பிரிவில் இருந்தேன். ஏர்பேக் விரியாத வழக்குகள் தோற்றுப்போவதற்குப் பெரும்பாலும் சட்டம் காரணமல்ல. கேள்வி கேட்க வேண்டிய பொருள், கேள்வி எழுவதற்கு முன்பே பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது. வண்டியைப் பிரித்து, நசுங்கிய பாகங்களை ஓரமாகக் குவித்து, புதியதை மாட்டிய பிறகு ‘ஏன் விரியவில்லை’ என்று கேட்டால் பதில் சொல்ல எதுவும் மிஞ்சாது. ஷோரூம்காரர்கள் கெட்ட எண்ணத்தில் அவசரப்படுத்துகிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுக்கு இடம் அடைகிறது, வேலை நிற்கிறது. அதற்காக நீங்கள் உங்கள் சான்றை இழக்க வேண்டியதில்லை.

இனி அவர்கள் சொன்ன காரணத்துக்கு வருவோம். ‘சென்சாரில் படவில்லை’ என்பது அரை உண்மை. ஏர்பேக்கை விரியச் செய்வது இடிபட்டால் அமுங்கும் சுவிட்ச் அல்ல. கியர் லிவருக்கு அருகில், இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே, தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய சிறு பெட்டி ஒன்று இருக்கும். அதுதான் கட்டுப்பாட்டு யூனிட். வண்டியின் வேகம் எவ்வளவு சடுதியில் குறைகிறது என்பதை அளக்கும் கருவி அதற்குள்ளேயே இருக்கிறது. பல கார்களில் முன்பக்கம் ரேடியேட்டரை ஒட்டிய சட்டத்தில் கூடுதலாக ஒன்றிரண்டு சென்சார்களும் இருக்கும். மோதல் தொடங்கி நொடியின் ஆயிரத்தில் 15 முதல் 30 பங்குக்குள் விரிக்க வேண்டுமா என்று அந்த யூனிட் முடிவெடுக்கும். அடுத்த 30 பங்குக்குள் பை விரிந்து நிற்கும். பேட்டரி ஒயர் மோதலில் அறுந்துபோனாலும் தடையில்லை. ஒரு முறை விரிப்பதற்குப் போதிய மின்சாரத்தை அந்த யூனிட் தனக்குள் சேமித்து வைத்திருக்கும்.

அந்த முடிவு வண்டி போன வேகத்தைப் பார்த்து எடுக்கப்படுவதில்லை. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ‘80-இல் போனேன், எப்படி விரியாமல் போகும்’ என்பார்கள். அசையாத கான்கிரீட் சுவரில் மணிக்குச் சுமார் 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் நேராக மோதினால் எவ்வளவு சடுதியாக நிற்குமோ, ஏறக்குறைய அந்த அளவைத் தாண்டினால் முன்பக்க ஏர்பேக் விரியும்படி அமைப்பார்கள். நின்றுகொண்டிருக்கும் அதே எடைக் கார் மீது மோதும்போது அதே தாக்கம் கிடைக்க இரண்டு மடங்கு வேகம் வேண்டும், ஏனென்றால் மோதப்பட்ட வண்டியும் நகர்ந்து கொடுக்கும். மோதுவதற்கு முன் பிரேக் பிடித்திருந்தால் கணக்கு மேலும் மாறும்.

லாரியின் பின்புறம் இதில் தனி வகை. லாரியின் சரக்குத் தளம் காரின் போனட்டுக்கு மேலே இருக்கிறது. கார் அதன் அடியில் நுழையும்போது பம்பருக்குள் இருக்கும் இரும்புப் பட்டையும், அதிலிருந்து பின்னோக்கி நீளும் இரண்டு கனத்த சட்டங்களான சைடு மெம்பர்களும் எதிலும் முட்டுவதே இல்லை. போனட், கண்ணாடி, கண்ணாடியின் இருபுறத் தூண்கள் என்று மெல்லிய பாகங்களே நசுங்கும். பார்ப்பதற்குக் கோரமாக இருக்கும். ஆனால் சுவரில் முட்டுவதற்கும் வைக்கோல்போரில் புகுவதற்கும் உள்ள வேறுபாடு போல, வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நின்றிருக்கும். அப்போது யூனிட் ‘விரிக்க வேண்டாம்’ என்று முடிவெடுத்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் காரில் குறை இல்லாமலேயே உங்கள் மைத்துனருக்கு இவ்வளவு காயமும் பட்டிருக்கலாம். இதைக் கேட்க உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

எது நடந்தது என்பதை நீங்கள் அனுப்பிய ஒரே படத்தை வைத்து, அதுவும் எதிரிலிருந்து எடுத்த படத்தை வைத்து, என்னால் சொல்ல முடியாது. சைடு மெம்பர்களைப் பார்க்க வேண்டும். இரண்டும் நேராக இருந்து மேல்பகுதி மட்டும் நசுங்கியிருந்தால், ஷோரூம்காரர்களின் பேச்சில் பாதியாவது நியாயம் இருக்கிறது. சைடு மெம்பர் மடங்கி, இன்ஜின் பின்னால் தள்ளப்பட்டு, ரேடியேட்டர் சட்டம் நொறுங்கியிருந்தால், கார் கடினமான ஒன்றில் முட்டி நின்றிருக்கிறது என்று பொருள். அப்போது ‘ஏன் விரியவில்லை’ என்பதற்கு நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டும். நெற்றியில் தையல் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஸ்டீயரிங்கில் பட்ட காயமா, உள்ளே வந்து விழுந்த கண்ணாடி கிழித்ததா என்பதும் முக்கியம். ஸ்டீயரிங் வளையம் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சீட் பெல்ட்டையும் பாருங்கள். இன்றைய பெரும்பாலான கார்களில் மோதலின்போது பெல்ட்டை வெடுக்கென்று இழுத்து இறுக்கும் அமைப்பு முன் இருக்கைகளில் உண்டு, பிரிடென்ஷனர் என்பார்கள். அதற்கும் கட்டளை கொடுப்பது அதே யூனிட்தான். பெல்ட் இப்போது உள்ளே சுருளாமல் பாதியில் இறுகி நின்றால் பிரிடென்ஷனர் வேலை செய்திருக்கலாம். அதாவது யூனிட் மோதலை உணர்ந்திருக்கிறது. சில கார்களில் ஏர்பேக்கை விடக் குறைந்த தாக்கத்திலேயே பிரிடென்ஷனர் இயங்கும்படி வைத்திருப்பார்கள் என்பதால், இதை மட்டும் வைத்து ஏர்பேக் பழுது என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் ‘சென்சாரில் படவே இல்லை’ என்ற பேச்சு அதோடு அடிபட்டுப் போகும். பெல்ட்டின் துணியில் தேய்ந்த கோடுகள், தோளருகே பெல்ட் நுழையும் பிளாஸ்டிக் வளையத்தில் உரசல் தடம் இருந்தால் நெருக்கத்தில் படம் எடுங்கள். பெல்ட் போட்டிருந்தார்கள் என்பதற்கு அதுவே வலுவான சான்று. இன்னொன்று, மார்பின் குறுக்கே பெல்ட் அழுத்திய ரத்தக்கட்டுத் தழும்பு. அது சில நாட்களில் மறைந்துவிடும். இன்றே படம் எடுத்து, மருத்துவக் குறிப்பில் எழுதித் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள். அரசுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு முதலில் கொண்டு போயிருந்தால் விபத்துப் பதிவேட்டின் நகலையும் வாங்கி வையுங்கள்.

அடுத்தது மீட்டர் போர்டில் வரும் ஏர்பேக் விளக்கு. சாவியைத் திருப்பியதும் சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றாலோ, எரியவே இல்லை என்றாலோ அமைப்பில் பழுது. விபத்துக்கு முன் அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்ததா என்று உங்கள் மைத்துனரிடம் கேளுங்கள். ஸ்டீயரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஒயர் அறுவது, இருக்கைக்கு அடியில் இணைப்பு தளர்வது, தோட்டத்திலும் மாட்டுக்கொட்டகை அருகிலும் நிறுத்தும் வண்டிகளில் எலி ஒயரைக் கடிப்பது ஆகியவை நான் அடிக்கடி பார்த்த காரணங்கள். விளக்கு எரிவதைச் சொல்லி சர்வீசுக்கு விட்டு, அவர்கள் சரிசெய்யாமல் திருப்பித் தந்திருந்தால் அப்போது எழுதிய ஜாப் கார்டு, அதாவது சர்வீஸ் வேலைக் குறிப்பு, உங்களிடம் இருக்கும் மிகப் பெரிய சான்று. விளக்கு எரிந்தும் யாரிடமும் காட்டாமல் ஓட்டியிருந்தால் வழக்கு அந்த அளவுக்குப் பலவீனப்படும்.

பம்பருக்கு முன்னால் கிராஷ் கார்டு என்னும் இரும்புக் கம்பித் தடுப்பு மாட்டியிருந்தாரா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றை அகற்ற நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. கிராஷ் கார்டு மோதலின் விசையைச் சட்டத்துக்கு வேறு வழியில் கடத்துவதால் யூனிட்டின் கணக்கு பிசகக்கூடும். நுகர்வோர் சட்டத்திலும் பொருளை மாற்றியமைத்தவர் நிறுவனத்தைப் பொறுப்பாக்குவது கடினம். மாட்டியிருந்தால் மறைக்காதீர்கள், எதிர்த்தரப்பு எப்படியும் கண்டுபிடிக்கும்.

இத்தனை ஊகத்துக்கும் விடை அந்தச் சிறு பெட்டிக்குள் இருக்கிறது. பெரும்பாலான இன்றைய யூனிட்டுகள் மோதலின்போது வேகக்குறைவு எவ்வளவு, பெல்ட் மாட்டியிருந்ததா, என்ன கட்டளை போனது, அமைப்பில் ஏற்கெனவே பழுதுக் குறி இருந்ததா என்பவற்றில் சிலவற்றையாவது பதிந்து வைக்கும். ஷோரூமில் இருக்கும் ஸ்கேனர் பழுதுக் குறிகளைப் படிக்கும். மோதல் பதிவை முழுதாகப் படிக்க பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனமே வர வேண்டும். அதனால் ஷோரூமுக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், அதையே பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். அதில் எழுத வேண்டியவை இவை. காரைப் பிரிக்கக் கூடாது. ஏர்பேக் யூனிட், முன் சென்சார்கள், சீட் பெல்ட்டுகள், ஸ்டீயரிங் ஆகியவற்றைக் கழற்றவோ மாற்றவோ அழிக்கவோ கூடாது. யூனிட்டில் உள்ள பதிவை எங்கள் முன்னிலையில் படித்து அதன் நகலைத் தர வேண்டும். விரியாததற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இந்த நான்கையும் தேதி போட்டு எழுதினால் போதும், வக்கீல் நோட்டீஸ் வேண்டியதில்லை. வாயால் சொன்ன ‘குறை இல்லை’ என்பதை எழுதித் தரச் சொன்னால் பல இடங்களில் பேச்சின் தொனியே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் இதே கடிதத்தின் நகல் போக வேண்டும். சர்வேயர் வந்து பார்த்துவிட்டாரே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். சர்வேயரின் வேலை பழுதுபார்க்க எவ்வளவு செலவாகும், பாலிசி பொருந்துகிறதா என்று பார்ப்பது. ஏர்பேக் ஏன் விரியவில்லை என்று ஆராய்வது அவருக்குக் கொடுக்கப்பட்ட பணி அல்ல. ‘விரியவில்லை’ என்ற உண்மையை மட்டும் அறிக்கையில் பதியும்படி கேளுங்கள், அறிக்கையின் நகலையும் கேளுங்கள். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. சேதம் அதிகம் என்று முழு நஷ்டமாகத் தீர்த்தால், கார் சால்வேஜ் வாங்குபவரிடம், அதாவது சேதமான வண்டிகளை ஏலத்தில் எடுப்பவரிடம், போய்விடும். ஏலம் எடுப்பவர்கள் வேகமாக வருவார்கள். ஒரே வாரத்தில் அந்தக் கார் வேறு மாவட்டத்தில் பாகம் பாகமாகக் கிடக்கும். முழு நஷ்டம் என்ற பேச்சு எழுந்தால், யூனிட்டைப் படிக்கும்வரை வண்டியை விற்கக் கூடாது என்று எழுத்தில் தடை சொல்லுங்கள்.

காவல் நிலையத்தில் வழக்குப் பதிவாகியிருந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊர்ப் பெரியவர்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்வார்களே அவர், இரண்டு வண்டிகளையும் பார்த்து அறிக்கை தருவார். காரின் ஏர்பேக் விரியாததையும், லாரியின் பின்புறம் தாழ்வாக இருக்க வேண்டிய தடுப்புக் கம்பி இருந்ததா, ஒளிரும் பட்டை ஒட்டியிருந்ததா என்பதையும் அவர் எழுதினால் நல்லது. கார்கள் அடியில் புகாமல் இருக்கத்தான் அந்தக் கம்பியை விதி கட்டாயமாக்கியிருக்கிறது. அது பெயரளவுக்குக்கூட இல்லாமல் ஓடும் லாரிகள் கப்பலூர் சுங்கச்சாவடியில் கால் மணி நேரம் நின்றாலே கண்ணில் படும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது; அந்தக் கம்பி ஒழுங்காக இருந்தால் ஏர்பேக் விரிந்திருக்கக்கூடிய மோதல்கள் எத்தனையோ. லாரியின் காப்பீட்டாளர் மீது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கேட்பது தனி வழக்கு. அதற்குச் சட்டப்பிரிவில் 6 மாதக் கெடு இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

இனி வழக்கு நிற்குமா என்ற கேள்வி. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஹூண்டாய் நிறுவனத்தின் மேல்முறையீட்டில் தந்த தீர்ப்பு உங்களுக்கு உதவும். டெல்லி–பானிபட் நெடுஞ்சாலையில் 2017-இல் மோதிய கிரெட்டா காரில் ஏர்பேக் விரியாத வழக்கு அது. மோதலின் விசை போதவில்லை என்று நிறுவனம் வாதிட்டது. ஏர்பேக் உள்ள கார் என்று சொல்லி வாங்கும் நுகர்வோர் வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் வல்லுநராக இருக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. கார் மாற்றித் தரவும் இழப்பீடு தரவும் கீழ் ஆணையத்தில் பிறப்பிக்கப்பட்ட உத்தரவு நிலைத்தது. இதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் நிறுவனத்திடம் இருக்கும் தகவலைக் கொண்டுவரும் பாரத்தைக் காயம்பட்டவர் தலையில் ஏற்ற முடியாது. ஆனால் விரியாத ஏர்பேக் எல்லாமே குறையுள்ளது என்று அந்தத் தீர்ப்பு சொல்லிவிடவில்லை. அங்கே முன்பகுதியில் பட்ட கடும் சேதம் பதிவில் இருந்தது. உங்கள் வழக்கில் கார் லாரிக்கு அடியில் புகுந்தது என்று எதிர்த்தரப்பு நிறுவினால், அதற்கு எதிராக வைக்க உங்களிடம் சைடு மெம்பரின் படமும் யூனிட்டின் பதிவும் இருக்க வேண்டும்.

வழக்கு நடைமுறை நீங்கள் அஞ்சும் அளவுக்குக் கடினம் இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் மைத்துனர் வசிக்கும் மாவட்டத்திலேயே, மதுரை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்குக் கட்டணம் 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. யூனிட்டை அப்படியே வைத்திருந்தால் புகாரோடு சேர்த்தே அதைக் கேட்கலாம். காரின் உரிமையாளர் என்பதால் மைத்துனர் பெயரிலேயே புகார் போக வேண்டும்.

சாஸி எண்ணைக் கொண்டு அந்தக் கார் ஏதேனும் திரும்பப் பெறும் அறிவிப்பில் இருக்கிறதா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள். ‘ஏர்பேக் யூனிட் பழுதாகாது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2023 ஜனவரியில் மாருதி சுசுகி, ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சோதித்து மாற்றித் தர 17,362 கார்களைத் திரும்ப அழைத்தது. அரிதாக ஏர்பேக்கும் பிரிடென்ஷனரும் இயங்காமல் போகலாம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. பழைய கார் வைத்திருக்கும் மற்றவர்களும் இதைப் பார்க்க வேண்டும். ஜப்பானின் டகாடா நிறுவன ஏர்பேக்குகளில் இருந்த அமோனியம் நைட்ரேட் பல ஆண்டு வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிதைந்து, பை விரியும்போது உலோகச் சில்லுகளைப் பயணிகள் மீது தெறிக்கவிட்டது. உலகெங்கும் சுமார் 10 கோடி கருவிகள் திரும்பப் பெறப்பட்டன, இந்தியாவிலும் கார்கள் அழைக்கப்பட்டன. ராமநாதபுரம், தூத்துக்குடி போன்ற கடலோரங்களில் ஓடிய பழைய காரை வாங்குபவர்கள் இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 110ஏ பிரிவின்படி, பாதுகாப்புக் குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெற அரசே ஆணையிட முடியும். 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகள் ஏழு ஆண்டுக்குட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால்தான் அது நகரும் என்பதால், அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் உங்கள் புகாரையும் பதியுங்கள். இதனால் உங்களுக்குப் பணம் எதுவும் வராது. இதே மாடலில் வேறு யாருக்காவது இப்படி நடந்திருந்தால் அவர்கள் புகாரோடு உங்களுடையதும் சேரும்.

என் கணிப்பைக் கேட்டால், நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து இது காரின் குறை என்றோ இல்லை என்றோ நான் சொல்ல மாட்டேன். பெல்ட் போட்டும் விலா முறிந்து, நெற்றி ஸ்டீயரிங்கில் பட்டிருந்தால் தாக்கம் சிறியதல்ல என்ற பக்கம் சாய்வேன். லாரி என்பதால் அடியில் புகுந்திருக்குமோ என்ற ஐயம் மறுபக்கம் இழுக்கிறது. விபத்துக்கு முன் ஏர்பேக் விளக்கு எரிந்ததா, பெல்ட் இப்போது இறுகி நிற்கிறதா, கிராஷ் கார்டு உண்டா என்ற மூன்றையும் எழுதுங்கள். போனட்டைத் தூக்க முடிந்தால் இரண்டு சைடு மெம்பர்களையும் பக்கவாட்டிலிருந்து படமெடுத்து இங்கே போடுங்கள். தூக்க முடியாவிட்டால் பலவந்தமாக நெம்ப வேண்டாம். சக்கர வளைவின் உள்ளே கைபேசியை விட்டு எடுத்தாலே போதுமான அளவு தெரியும்.